இறங்குவதற்கும் கால் வேண்டும்

வணக்கம், நேயர்களே. மலையேற்றம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் என்னிடம் சொல்ல அதிகம் இருக்கிறது. காரணம், நான் முதல்முதலாக ஓர் உயரமான மலைக்குப் போனபோது போட்ட கணக்கு.

உச்சிக்கு 12 கிலோமீட்டர். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பேன். ஆக, இரண்டரை மணி நேரம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்! ஏற வேண்டிய உயரம் 1500 மீட்டர் என்று வரைபடத்தில் இருந்தது. பார்த்தேன், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-லேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் என் மலைக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதுவும் நன்றாக நடக்கிறவர்களுக்கு. உட்காருவது, தண்ணீர் குடிப்பது, ஷூவுக்குள் புகுந்த கல்லைத் தட்டுவது எதுவும் இதில் சேராது. எனக்கு ஆறரை மணி நேரம் ஆனது.

முதல் அரை மணி நேரத்தில் வேகமாக ஏறியதுதான் பெரிய தப்பு. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம். ரொம்பச் செங்குத்தான இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் பின்காலின் முட்டியை நேராக நிமிர்த்தி, எடையை எலும்பின் மேல் நிறுத்தி, ஒரு நொடி நில்லுங்கள். தொடைத் தசைக்கு அந்த ஒரு நொடி ஓய்வு. பார்க்கிறவர்களுக்கு ஆமை ஊர்கிற மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

இன்னும் உயரமான மலைகளில் சிக்கல் வேறு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 விழுக்காடுதான், குறைவது அழுத்தம். 5500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. 2500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். தினமும் உடற்பயிற்சி செய்கிறவர் என்று அது பார்ப்பதில்லை. தலைவலியோடு நடை தள்ளாடினால் யோசிக்கவே வேண்டாம், அவரை உடனே கீழே இறக்குங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 'அதோ உச்சி' என்று மூச்சிரைக்க ஏறிப் போனால், அதற்குப் பின்னால் இன்னொரு முகடு நிற்கும். அன்று மூன்று முறை ஏமாந்தேன். மணி இரண்டரைக்கு நிஜமான உச்சி. அடிவாரத்தைவிடப் பத்து டிகிரியாவது குளிர்ச்சி. சட்டையோ வியர்வையில் நனைந்திருந்தது. பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

அப்புறம்தான் இறக்கம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். தசை இழைகள் அதிகம் சேதமாவது இதில்தான். பாதி வழியில் கால்கள் தானாக நடுங்க ஆரம்பித்தன. கடைசி ஒரு மணி நேரம் கும்மிருட்டு. கையில் டார்ச் இல்லை, சார்ஜ் தீரப்போகும் போன் மட்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்கக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு அதே மலைக்குப் போனேன். இந்தத் தடவை விடியுமுன்பே, நெற்றியில் கட்டும் விளக்கோடு. எங்கே நின்றாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தோம். வழியில் மழை பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது. பன்னிரண்டு அடித்தபோது நான் கடைசிப் பொய் முகட்டில் நின்றேன். உச்சி கண்ணுக்கு நேரே, அரை மணி நேர ஏற்றம். கூட வந்தவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, இறக்கத்தில் விரல்கள் முன்னால் இடிக்காமலிருக்க ஷூ லேஸை இறுக்கிக் கட்டினேன்.