ராஜா சாண்டோ: பெயர் இருக்கிறது, படம் எங்கே?

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுப் பட்டியலில் ராஜா சாண்டோ விருது என்று ஒன்று வரும், கவனித்திருப்பீர்கள். அவர் நடித்த ஒரு காட்சியையாவது நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா என்றால் அநேகமாக இல்லை.

ஆள் புதுக்கோட்டைக்காரர், சொந்தப் பெயர் நாகலிங்கம். உடற்பயிற்சியில் கெட்டிக்காரர். யூஜின் சாண்டோ என்கிற பயில்வான் அப்போது உலகம் முழுக்கப் பிரபலம், இந்தியாவுக்கே வந்து வித்தை காட்டிவிட்டுப் போனவர். அதனால் இங்கே உடம்பை முறுக்கேற்றிய ஆட்களுக்கு அந்தப் பெயர் பட்டமாக ஒட்டிக்கொண்டது, பின்னாளில் சின்னப்பா தேவர் வரைக்கும்.

1920களில் பம்பாய் போகிறார். ஊமைப் படம்தானே, இந்தி தெரியுமா, மராத்தி தெரியுமா என்று யாரும் கேட்கப் போவதில்லை, குதிக்கத் தெரியுமா, சண்டை போடத் தெரியுமா, முகத்தில் நடிப்பு வருமா, அவ்வளவுதான். எஸ்.என். படங்கரின் கம்பெனியில் ஸ்டண்ட் ஆளாக ஆரம்பித்தவர் சீக்கிரமே கதாநாயகன் ஆகிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1927இல் வந்த 'குணசுந்தரி' கதை. சந்துலால் ஷா இயக்கியது, கோஹர்தான் நாயகி. நாள் முழுக்க வீட்டு வேலை பார்த்துக் களைத்துப்போன மனைவியிடம் கணவர் வந்து ஆபீஸ் கவலையைக் கொட்டுகிறார். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் அவள். அய்யா நாட்டியக்காரி வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிடுகிறார். ஒரு நாள் மாலை அவர் கிளம்பும்போது அவளும் பின்னாலேயே கிளம்புகிறாள். நீ எங்கே போகிறாய் என்று இவர் கேட்க, அதே கேள்வியை அவள் அவரிடம் திருப்பிப் போடுகிறாள், நீங்கள் வெளியே போனால் நானும் போவேன் என்கிறாள். 1927ங்க! அந்தக் கணவர்தான் நம் பயில்வான். இந்தச் சண்டையில் தோள்பலம் என்ன பிரயோஜனம்?

பம்பாயிலேயே இயக்குநரும் ஆகிவிட்டார், அப்புறம் சென்னை. ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் ஃபிலிம்ஸில் 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்', 'அநாதைப் பெண்' என்று வரிசையாக எடுக்கிறார். புராணப் படங்களே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 'ஜகன்மோகினி' பத்திரிகை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவலை எடுத்துப் படமாக்கினார் பாருங்கள், அதுதான் 'அநாதைப் பெண்'. பின்னால் பெரிய இயக்குநரான கே. சுப்ரமண்யம் வேலை கற்றுக்கொண்டதும் இந்தக் கம்பெனியில்தான்.

1931இல் 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பித்ததும் ஊமைப் படக்காரர்கள் பலர் காணாமல் போனார்கள். இவர் தாக்குப்பிடித்தார். 1935இல் நாடகக் கம்பெனி நடத்திய டி.கே.எஸ். சகோதரர்களை வைத்து 'மேனகா', வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவல், கலைவாணர் என்.எஸ்.கே. முதலில் திரையில் தெரிந்த படம். 1939இல் தியாகராஜ பாகவதரை வைத்து 'திருநீலகண்டர்'. 'சிவகவி'யையும் இவர்தான் தொடங்கினார், நடுவில் பிரச்சினை வந்து ஸ்ரீராமுலு நாயுடு முடித்தார். 1943இல் கோயம்புத்தூரில் இறந்துபோனார்.

சரி, இவர் சென்னையில் எடுத்த ஊமைப் படங்கள் எங்கே? ஒன்றுகூட இல்லை. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டால் அதுவாகவே மக்கிப்போகும். போதாக்குறைக்கு, பேசும் படம் வந்தபிறகு பழைய பிரதியைப் பாதுகாத்து வைக்க யாருக்கும் காரணம் இல்லை. தென்னிந்திய ஊமைப் படங்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டும். அதுவும் படத்துக்கு மூலமான நாவலின் உரிமை சம்பந்தமாக வழக்கு வந்து, பிரதி அந்த நாவலின் பதிப்பாளர் வசம் போய், தியேட்டரில் ஓடாமல் முடங்கிக் கிடந்ததால் தப்பியது, இப்போது புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த படமெல்லாம் போய்விட்டது, வழக்கில் மாட்டிய படம் பிழைத்துக்கொண்டது, என்ன கொடுமை!

இனி நமக்குக் கிடைக்கக்கூடியது நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும்தான். தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் 'மேனகா' பாட்டுப் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த வீடியோ 'மேனகா' பற்றித்தான், அதில் காட்டிவிடலாம்.