கருப்பனுக்கு வந்த உண்ணிக் காய்ச்சல்

வணக்கம் மக்களே. நான்கு வாரமாக வீடியோ போடவில்லை. காரணம் இதோ, நாற்காலிக்குக் கீழே படுத்திருக்கிறான் பாருங்கள். கருப்பன், ஐந்து வயது நாட்டு நாய். உண்ணிக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான்.

முதல் நாள் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டான். வெயிலுக்குச் சோறு இறங்கவில்லை போல என்று நானும் விட்டுவிட்டேன், என் தப்புதான். மறுநாள் பால்காரர் வந்தபோது தலையைக்கூடத் தூக்கவில்லை. ரத்தம் குறைந்திருக்கிறதா என்று ஈறைப் பார்ப்பார்கள், ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். இவனுக்கு ஈறும் கருப்பு! கீழ் இமையை இழுத்து உள்ளே பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது.

அப்பா, "காய்ச்சல்தானே, பாரசிட்டமால் பாதி உடைத்துக் கொடு" என்றார். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நாய்க்கே ஆபத்து. பூனையாக இருந்தால் ஒரே மாத்திரையில் உயிர் போய்விடலாம்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். காய்ச்சல் 104 டிகிரி. நாய்க்கு 101லிருந்து 102.5 வரை சாதாரணம், நம் கணக்கு அதற்கு ஒத்துவராது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் 38 ஆயிரம். 2 லட்சமாவது இருக்க வேண்டும். எர்லிக்கியா என்ற பாக்டீரியா, உண்ணி கடிக்கும்போது உள்ளே போய் வெள்ளை அணுக்களில் குடியேறிவிடுமாம். பபீசியா என்று இன்னொன்று இருக்கிறது, அதையும் உண்ணிதான் கொண்டுவரும், அது சிவப்பணுக்களை உடைக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

இவனுக்கு டாக்ஸிசைக்ளின், 28 நாள். மூன்றாம் நாளே எழுந்து சாப்பிட்டான். இங்கேதான் நிறையப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உள்ளேயே பதுங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தால் எலும்பு மஜ்ஜையையே பாதிக்கும், அப்போது காப்பாற்றுவது கஷ்டம்.

சரி, உண்ணிக்கு வருவோம். நான் வாரா வாரம் பவுடர் போட்டுக் குளிப்பாட்டுகிறவன். எனக்கே இப்படியா என்று டாக்டரிடம் புலம்பினேன். "நாயைப் பார்த்தீங்க, சுவரைப் பார்த்தீங்களா?" என்றார். ராத்திரி டார்ச் அடித்து அவன் படுக்கிற மூலையைப் பார்த்தேன். அப்பப்பா! சுவர் விரிசலில் மிளகு கொட்டியது மாதிரி. உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்ததும் நாயிடமிருந்து இறங்கிவிடும். ஒளிந்திருந்து தோலுரித்து, மறுபடி ஏறும். பெண் உண்ணி விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நான் நாயை மட்டும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

விரிசலையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தோம். சாக்குப் படுக்கையை எரித்தோம். மருந்து தெளித்தபோது எங்கள் பூனை சின்னியை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நாய்க்கு முதுகில் விடுகிற சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு விஷம். நாயும் பூனையும் கட்டிப்பிடித்துத் தூங்குகிற வீடென்றால் டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உடம்பில் ஒட்டியிருக்கிற உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்குக் கீழே தேடுங்கள்.

அப்புறம் ஒரு கூத்து. மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்து. டாக்டர் திட்டினார். தயிரில் இருக்கிற கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் சரியாக ஏறாதாம். இப்போது அவித்த முட்டைக்குள் வைக்கிறேன். முட்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்புகிறான், பாவி.

இன்றைக்கு 26ஆவது நாள். அடுப்பில் முட்டை வேகிறது, போய் இறக்க வேண்டும்.