ஒரு காலத்தில் சென்னையில் டிக்கெட் எடுத்தால் கொழும்பில் இறங்கலாம்!

எழும்பூரில் ஒரே ஒரு டிக்கெட். இறங்கும் இடம் கொழும்பு. நடுவில் கடல் கிடக்கிறதே என்கிறீர்களா? அந்தக் கடலையும் சேர்த்துத்தான் அந்த டிக்கெட்!

வணக்கம் மக்களே. தனுஷ்கோடியைப் புயல் அழித்த கதையை எல்லா சேனலிலும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரை உண்டாக்கியது யார் என்று இன்றைக்குப் பார்ப்போம்.

[திரையில்: பழைய வரைபடம்]

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு கொழும்பு போக வேண்டுமென்றால் தூத்துக்குடி வரை ரயில், பிறகு இரவெல்லாம் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து கப்பலில் இலங்கைக் கரையான தலைமன்னார் சுமார் 35 கிலோமீட்டர்தான். அங்கே இறங்கி மறுபடி ரயிலில் கொழும்பு. முடிந்தது பின்னணி.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் 19-ஆம் நூற்றாண்டில் நீராவிப் படகுகள் ஓடின, கரையோரத்தில் ஊர்கள் செழித்தன. அப்புறம் ரயில் வந்து சரக்கையும் ஆட்களையும் அள்ளிக்கொண்டது. பல படகுத்துறை ஊர்கள் படுத்தேவிட்டன. ராமநாதபுரம் கரையில் எல்லாம் தலைகீழ். படகு விட நமக்கு ஏது ஆறு? வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்ந்தாலே ஊர் கொண்டாடும்! இங்கே நீராவிக் கப்பலைக் கூட்டிக்கொண்டு வந்ததும், தனுஷ்கோடியை உண்டாக்கியதும் ரயில்தான். கப்பலை ஓட்டியதும் தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான். தண்டவாளக்காரர்கள் கடலில் இறங்கிவிட்டார்கள்!

கப்பல்களின் பெயரைக் கேளுங்கள்: கர்சன், எல்ஜின், ஹார்டிங். மூன்றும் வைசிராய்கள். பின்னால் வந்தவை இர்வின், கோஷன். அதில் இர்வினும் வைசிராய், கோஷன் சென்னை கவர்னர். சேது சீமைக் கடலில் ஓடிய இந்த ஐந்தில் ஒன்றுக்காவது ராமநாதபுரம் மன்னர் சேதுபதி பெயரை வைத்திருக்கக் கூடாதா? எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

இந்த வழியில் துரைமார்கள் மட்டும் போகவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்கள் ஏராளம். தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். துரைக்கு அந்தக் காத்திருப்பு உண்டா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த முகாமின் பெயரில்தான் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு புயலில் ஊரும் போனது, பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்குத் தண்டவாளத்தை மட்டும் மறுபடி போடவில்லை. ஊர் திரும்ப எழாததற்குப் புயலுக்குச் சமமாக இதுவும் காரணம் என்பது என் கட்சி. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் ஓடி, இலங்கையில் போர் வந்ததும் 1980-களில் நின்றது.

எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலுக்கு மட்டும் இன்றும் 'போட் மெயில்' என்றே பெயர். போட் எங்கே என்று டிடிஆரிடம் கேட்டுவிடாதீர்கள்! உங்கள் தாத்தா பாட்டி யாராவது அந்தக் கப்பலில் போயிருந்தால், எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். பழைய டிக்கெட் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிவிடுங்கள்.