அந்தச் சுண்டைக்காயை உடைத்துப் பார்ப்போம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எல்லையில் மோதும் சீனாவோடு வணிகத்தை ஒரே வெட்டாக வெட்டுவதா, அவர்களை நம்பி இருப்பதைப் படிப்படியாகக் குறைப்பதா? குறைப்பதே என்ற அணிக்காக வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். “சுண்டைக்காய் அளவு காந்தத்துக்காக எதிரியின் வாசலில் நிற்கிறார்களே, வெட்கமாக இல்லையா?” என்று கேட்டார். ஐயா, அந்தச் சுண்டைக்காயைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம்.

மின்வண்டி மோட்டாருக்குள் இருக்கும் வலுவான காந்தம் அது; ‘ரேர் எர்த்’ எனப்படும் அருமண் தனிமங்களில் செய்வது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. ராணுவத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று நம் கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே உரிமம் வரும்வரை காத்துக் கிடந்தார்கள். நாமே செய்துகொள்ளலாமே என்பீர்கள். மணல் இருக்கிறது ஐயா! நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலேயே அருமண் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் கதிரியக்கமுள்ள தோரியமும் கலந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் அள்ளிவிட முடியாது. அள்ளினாலும், காந்தத்துக்கு வேண்டிய அருமண்களான நியோடிமியமும் பிரசியோடிமியமும் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள். அந்த இரண்டையும் பிரிக்க அமிலத்திலும் கரைப்பானிலும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான தொட்டிகளில் ஓட்ட வேண்டும்.

பிரித்தாச்சு. உலோகமாக்கி, இரும்பும் போரானும் சேர்த்து உருக்கி, மூன்று நான்கு மைக்ரான் தூளாக அரைக்க வேண்டும். அந்தத் தூள் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் நைட்ரஜனுக்குள்ளேயே வேலை. காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, ஏறக்குறைய 1,050 டிகிரியில் சுட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் உள்ளே இருக்கும் நுண்படிக மணிகள் பெருத்துவிடும், காந்தம் சோடை. ஆக்சிஜன் புகுந்தாலும் சோடை. எல்லாம் சரியாக வந்தாலும், சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும். வண்டி மோட்டாரின் சூடு அதையெல்லாம் தாண்டும். அதைத் தாங்க டிஸ்புரோசியம் என்ற இன்னொரு அருமண் வேண்டும். நம் மணலில் அது சொற்பம்.

இப்போது சொல்லுங்கள், இது சுண்டைக்காயா?

வெட்டச் சொல்கிறீர்களே, வெட்டியதன் கணக்கைப் பாருங்கள். 2020இல் லடாக் எல்லையில் நடந்த கல்வான் மோதல் முடிந்த இரண்டே வாரத்தில் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தோம். அதை நானும் வரவேற்கிறேன். ஆனால் 2019-20இல் சுமார் 6,500 கோடி டாலராக இருந்த சீன இறக்குமதி, 2024-25இல் 11,300 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. போனில் அழித்தோம், தொழிற்சாலையில் சேர்த்தோம்.

ஜப்பானைப் பாருங்கள். 2010இல் சென்காகு தீவருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பான் ரோந்துக் கப்பல்களில் மோதி, சீனாவிலிருந்து அருமண் வரத்து நின்றது. ஜப்பான் வணிகத்தை அறுக்கவில்லை. மறு ஆண்டே ஆஸ்திரேலியாவின் லைனஸ் என்ற அருமண் சுரங்க நிறுவனத்தில் 25 கோடி டாலர் போட்டது. டிஸ்புரோசியம் குறைவாகக் கேட்கும் மோட்டார்களை வடிவமைத்தது. பத்தாண்டில் சுமார் 90 சதவீதச் சார்பு 60 பக்கம் இறங்கியது. பத்தாண்டு ஐயா, பத்து மேடை அல்ல! நாமும் 2025 நவம்பரில்தான் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் வெட்கத்தைப் பற்றிக் கேட்டார். 2020 ஜூன் 15 இரவு கல்வானில் துப்பாக்கி வெடிக்கவில்லை. எல்லைக்கோட்டின் 2 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்பது இரு நாடும் செய்த 1996 ஒப்பந்தம். கல்லோடும் ஆணி வைத்த தடியோடும் வந்தவர்களை எதிர்த்து நின்ற நம் பிள்ளைகள் 20 பேர் வீழ்ந்தார்கள். அதில் ஒருவர் நம்ம ராமநாதபுரம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. வீர் சக்ரா அவர் மறைந்த பிறகுதான் வந்தது. அந்த வீட்டுக் கண்ணீருக்கு நாம் எல்லோருமே கடன்பட்டவர்கள்.

அந்த மலையில் இன்று அவர் இடத்தில் இன்னொரு தாயின் பிள்ளை நிற்கிறான். அவனுக்காக வாங்க இருந்த 400 ட்ரோன்களின் ஒப்பந்தத்தை, உள்ளே சீனப் பாகங்கள் இருக்கும் என்ற கவலையால் 2025 தொடக்கத்தில் ராணுவம் ரத்து செய்தது. ட்ரோனின் மோட்டாருக்குள்ளும் காந்தம்தான் ஐயா. அந்தப் பையனுக்கு நம்ம ஊர்க் காந்தத்தில் பறக்கும் ட்ரோனை எந்த வருடம் கொடுப்பீர்கள்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்ததும் அதற்கு ஒரு தேதி சொல்லட்டும்.