எத்தனைன்னு எண்ணணும்

வணக்கம் நேயர்களே. சாயங்காலம் ஆனா சில செடிங்க இலைய மூடிக்கும், நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. 1729ல பிரான்ஸ்ல தெ மெராங்னு ஒருத்தர் தொட்டாச்சிணுங்கி மாதிரி ஒரு செடிய இருட்டுல வச்சுப் பாத்தாரு, வெயிலே படல, ஆனாலும் பகல்ல விரிஞ்சுது ராத்திரி மூடிச்சு. அப்ப நேரம் பாக்குற ஏதோ ஒண்ணு செடிக்குள்ளயே இருக்கு.

அந்தக் கடிகாரத்துல முள்ளும் கிடையாது சக்கரமும் கிடையாது, ஜீனும் புரதமும்தான். அரபிடாப்சிஸ்னு கடுகு குடும்பத்துச் சின்னச் செடி ஒண்ணு, அதுல விடியக்காலைல சி.சி.ஏ.1னு ஒரு ஜீன் உச்சத்துக்கு வரும், பொழுது சாயுறப்ப டாக்1. இது அத அமுக்கும், அது இத அமுக்கும், இந்த இழுபறி ஒரு சுத்து முடியவே கிட்டத்தட்ட 24 மணி நேரம் ஆகும்.

இத எப்படி அளக்குறோம்? ரெண்டு மணிக்கு ஒரு தடவை நாத்த வெட்டணும், ரெண்டு நாள் முழுக்க, மொத்தம் 25 சேம்பிள். வெட்டின கையோட மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல போட்டுடணும், இல்லன்னா ஆர்என்ஏ, அதாவது ஜீன் வேலை செய்யுறப்ப உருவாகுற அதோட நகல், சிதைஞ்சிடும், அத அளந்துதான் ஜீன் எவ்ளோ ஓடுதுன்னு பாக்குறோம். ராத்திரில மங்கலான பச்சை லைட்டுலதான் வேலை, வெள்ளை லைட் பட்டா சி.சி.ஏ.1 சட்டுனு ஏறிடும். எனக்கு ஒரு தடவை என்னாச்சுன்னா, ரெண்டாவது ராத்திரி மூணு மணி, டப்பாவும் கத்தரியுமா உள்ள போறேன், அந்த ரூம் முழுக்க பளிச்சுன்னு லைட்டு எரியுது, யாரோ எதையோ தேடி வந்தவங்க சுவிட்ச போட்டுட்டுப் போயிட்டாங்க. செடி அந்த வெளிச்சத்துக்குத் தன் கடிகாரத்தயே திருத்த ஆரம்பிச்சிருக்கும், அதுக்கப்புறம் எடுக்குற எதையும் நம்ப முடியாது. கையில இருந்த சேம்பிள பாத்துக்கிட்டு அப்படியே தரைல உக்காந்துட்டேன். மறுபடி விதை போட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

இவ்ளோ பாடுபட்டு வர்ற கிராஃப்ல உச்சத்த ஒண்ணுன்னு வச்சுக்குறாங்க, மத்ததெல்லாம் அதுல பாதி, கால். இதுதான் எனக்கு ஆகாத விஷயம், வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்கேன். டேங்க்ல பாதி தண்ணி இருக்குன்னு சொன்னா போதுமா, எத்தனை லிட்டர் டேங்க்னு தெரிய வேணாமா? எண்ணணும்ங்க. ஒரு செல்லுக்கு எத்தனை மூலக்கூறுன்னு எண்ணணும். வழி இல்லாமலும் இல்ல, ஆர்என்ஏ பிரிக்கிறப்பவே செடில இல்லாத வேற ஆர்என்ஏவ இத்தனைதான்னு எண்ணிக்கை தெரிஞ்சு கலந்துட்டா அத வச்சு மத்தத கணக்குப் போடலாம். புரதத்துக்கு ஒளிவிடுற ஒரு புரதத்த வாலு மாதிரி ஒட்டிவிட்டு, வெளிச்சத்த அளந்து, அளவு தெரிஞ்ச சுத்தமான புரதத்தோட ஒப்பிடலாம். சமீபத்துல இப்படி எண்ணினப்ப கடிகாரப் புரதங்க எதிர்பார்த்தத விட ஏராளமா இருந்துச்சு, பாதி கால்னு மட்டும் சொல்லிட்டு இருந்தா இது தெரிஞ்சே இருக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, மாடல், அதாவது இந்தக் கடிகாரத்த கணக்குச் சமன்பாடா எழுதுறது, அதப் பத்திப் பேச ரெண்டு நிமிஷம்கூட இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். டாக்1 சி.சி.ஏ.1ஐ தூண்டிவிடுதுன்னுதான் ரொம்ப நாள் மாடல்ல எழுதியிருந்தோம், 2012லதான் அது அமுக்குதுன்னு உறுதியாச்சு, சமன்பாட்டுல அந்தக் குறிய மாத்தி எழுதினோம். மிச்சத்த இன்னொரு நாள் பேசலாம், வணக்கம்.