எடை மிஷினை விட்டு நாற்காலிக்கு வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறவன். எலும்பு முறிவு, பக்கவாதம், தோள்பட்டை இறுக்கம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். கொஞ்ச வருடமாக இன்னொரு வகையினரும் வருகிறார்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள். அவர்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் தாளில் மருந்து, சத்து மாத்திரை, சாப்பாடு எல்லாம் விவரமாக இருக்கும். கடைசியில் ‘உடற்பயிற்சி செய்யவும்’ என்று ஒரே ஒரு வரி. எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது, எங்கே நிறுத்துவது என்று எதுவும் இருக்காது. அந்த ஒரு வரியைத்தான் இன்று விரித்துப் பேசப் போகிறேன்.

சிகிச்சையைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை, சில சமயம் அதற்கும் மேல், எடுத்துவிடுவார்கள். பைபாஸ் என்றால் மேல்பக்கம் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். இரண்டையும் பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் போட்டே செய்துவிடுகிறார்கள்.

இவர்களில் பலர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி நியாயமானது. “எடை தானாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்புறம் எதற்குப் பயிற்சி?” உண்மைதான். முதல் ஆறு மாதம் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எடை மிஷின் முள் இறங்கும். ஆனால் இறங்குவது கொழுப்பு மட்டும் அல்ல. உள்ளே போகும் சாப்பாடு மிகவும் குறைந்துவிட்டதால், உடம்பு தன் தசையையும் கரைத்துச் செலவு செய்கிறது. சும்மா இருக்கும் தசையை இன்னும் எளிதாகக் கரைக்கும். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் “நல்லா எளைச்சுட்டிய” என்று மெச்சுவார்கள். அதே ஆள் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. எடையைக் குறைக்கிற வேலையை அறுவை சிகிச்சை பார்த்துக்கொள்ளும். தசையைக் காப்பாற்றுவதுதான் பயிற்சியின் வேலை. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதனால் நான் ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடியில் எத்தனை தடவை முழுக்க எழுந்து உட்கார முடிகிறது என்று வீட்டில் யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். காலண்டரில் குறித்துவையுங்கள். மாதம் ஒரு தடவை போதும். எடை குறைந்து இந்த எண்ணிக்கை ஏறினால் நல்ல பாதையில் போகிறீர்கள். எடையும் குறைந்து எண்ணிக்கையும் குறைந்தால் சாப்பாட்டிலோ பயிற்சியிலோ ஏதோ தப்பு நடக்கிறது. தினம் காலையில் எடை மிஷினில் ஏறி நின்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். முதல் ஒன்றரை மாதம் கழித்து இந்தச் சோதனையைத் தொடங்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

சரி, முதல் நாளிலிருந்து வருவோம். மயக்கம் தெளிந்த சில மணி நேரத்திலேயே நர்ஸ் எழுப்பி நடக்க வைப்பார்கள். “வயிற்றைக் கிழித்த அன்றைக்கேவா?” என்று வீட்டார் பதறுவார்கள். காரணம் இருக்கிறது. படுத்தே கிடந்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஊர் திரும்பும் பயணம். சென்னையிலிருந்து காரைக்குடி 400 கிலோமீட்டருக்கு மேல். சீட்டைச் சாய்த்துப் போட்டு, “அசையாமல் தூங்குங்கள்” என்று நோயாளியைக் கூட்டிவருவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, இறக்கி, ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பதற்குச் செட்டிநாட்டு வீட்டை விடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. முகப்பில் தொடங்கி வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வளவைச் சுற்றித் தூண் வரிசைக்குள்ளேயே நிழலில் நடக்கலாம், வெயிலும் இல்லை, நாயும் இல்லை, “என்ன ஆச்சு?” என்று விசாரிக்கிறவர்களும் இல்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. நிலைப்படிகள் உயரம், தடுக்கும். ஆத்தங்குடிக் கல் தரை ஈரம் பட்டால் வழுக்கும், துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு நடங்கள். இப்படி வீடு இல்லாதவர்களுக்கு மொட்டை மாடியோ தெருவோ போதும்.

முதல் இரண்டு வாரம் ஒரே மூச்சில் நடக்க வேண்டாம். ஐந்து ஐந்து நிமிடமாக ஒரு நாளில் ஐந்தாறு தடவை நடங்கள். அப்புறம் பத்து, பதினைந்து நிமிடம் என்று நீட்டி, ஆறாவது வாரம் வாக்கில் சேர்ந்தாற்போல அரை மணி நடக்க முடிந்தால் நன்று. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு, கையில் கட்டும் கடிகாரம் எல்லாம் வேண்டியதில்லை.

இந்த ஆறு வாரத்தில் தப்பு நடப்பது நடையில் இல்லை, தூக்குவதில். மேலே தோல் ஆறிவிடும், தழும்பும் சின்னதாக இருக்கும், அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். உள்ளே வயிற்றுச் சுவர் ஆற இன்னும் நாள் பிடிக்கும். அதற்குள் அழுத்தம் கொடுத்தால் துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கி ஹெர்னியா வரலாம். நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த குடம் பத்துக் கிலோவைத் தாண்டும். நிறைந்த கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. பேரன் எத்தனை கிலோ என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர் இறைப்பது, மாவு நிறைந்த கிரைண்டர் கல்லைத் தூக்குவது எல்லாம் இதில் சேரும். பெண்களைவிட அவர்கள் வீட்டு ஆண்கள் காதில்தான் இது விழ வேண்டும்.

அடுத்தது தண்ணீர். முன்பு போல மடமடவென்று ஒரு சொம்பு குடிக்க இனி முடியாது. வாய் வாயாகத்தான் குடிக்க வேண்டும், சாப்பாட்டோடு சேர்த்தும் குடிக்கக் கூடாது. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போயாக வேண்டும். நடந்துவிட்டு வந்து தாகத்துக்குக் குடித்து ஈடுகட்டலாம் என்பது நடக்காது. எழுந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கே வியர்த்துக் கொட்டும். அதனால் வெளியே நடப்பது விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. களைப்பாக இருக்கிறது என்று சர்பத்தோ பன்னீர் சோடாவோ குடிக்காதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிடும். நீர்மோர் நல்லது.

நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முன்பிருந்தே மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்கவும். எடை இறங்க இறங்க அந்தப் பழைய அளவு அதிகமாகிப்போகும். அதோடு நடையும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும், எழுந்தால் கண்ணைக் கட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் போய் அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அறுவை செய்த டாக்டர் சரி என்றதும், தசைப் பயிற்சி. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம், ஆனால் இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நடந்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. நடை இதயத்துக்கு நல்லது, தொடைக்கும் தோளுக்கும் அது மட்டும் போதாது. ஜிம்முக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. எளிதாகிவிட்டால் அரை லிட்டர் பாட்டிலை ஒரு லிட்டராக்குங்கள். வயிற்றை மடக்கி எழும் பயிற்சியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் தோல் தொங்குகிறதே என்று முதலில் அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். தளர்ந்த தோல் பயிற்சியால் இறுகாது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தசை வளரப் புரதம் வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் என்று சொல்கிறார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் தட்டில் முதல் வாய் முட்டையோ கோழியோ மீனோ பருப்போ பனீரோ ஆக இருக்கட்டும், இடமிருந்தால் சோறு. நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் சீடையும் அதிரசமும் வந்துவிடும். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். ஒரு துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுங்கள், வேறு வழியில்லை.

பயிற்சி தொடங்கினால் உடம்பு வலிக்கும். அப்போது மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது நம் வழக்கம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் இவர்களுக்கு ஆகாது. குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம். கடைக்காரருக்கு உங்கள் அறுவை சிகிச்சை தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாதம் வாக்கில் பலருக்கு முடி கொட்டத் தொடங்கும். பயிற்சியால்தான் கொட்டுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். எடை வேகமாகக் குறைவதால் வருவது அது, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் முடியோடு சேர்ந்து அசதியும் மூச்சிரைப்பும் இருந்தால் இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். ரத்தம் குறைந்தவரை “இன்னும் நட, இன்னும் நட” என்று விரட்டிப் பயனில்லை.

புடவைக்கு ஷூ போடக் கூச்சம் என்று ரப்பர் செருப்பிலேயே நடக்கிறவர்கள் உண்டு. செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களை இறுக்கிக்கொண்டே நடந்து குதிகாலும் கெண்டைக்காலும் வலிக்கும். ஷூ வேண்டாம் என்றால் குதிகாலில் வார் வைத்த செருப்பு போதும். தோல் மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகும், அங்கே மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொண்டு, நடந்து வந்ததும் துடைத்து உலர்த்துங்கள்.

ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் எடை இறங்குவது நின்றுவிடும். சிலருக்கு அதன் பிறகு கொஞ்சம் ஏறவும் செய்யும். அப்போது கைகொடுப்பது, எடை தானாக இறங்கிய நாளில் பழகி வைத்த பயிற்சிதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. இவர்கள் 300 பக்கம் நெருங்குவது நல்லது. சேர்ந்தாற்போல நடந்தால்தான் கணக்கு என்றில்லை, கடைக்கு நடந்து போவதும் கணக்கில் சேரும்.

கடைசியாக, ஐப்பசி தாண்டினால் எல்லாரும் என்னைக் கேட்பது: “இந்தத் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கலாமா?” எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. இருபது முப்பது கிலோ குறைத்தவருக்குக் கால் பறப்பது போல இருக்கும், ஆசை வருவது இயல்பு. ஆனால் தசையும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் தயாராவதில்லை. அறுவை செய்து ஒரு வருடம் ஆகாதவர்களை நான் அனுப்புவதில்லை. அதற்கு மேல் ஆனவர்கள் ஆடியிலேயே பழகத் தொடங்கட்டும். மார்கழிக்குள் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு, சுமார் 10 கிலோமீட்டர், அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். குன்றக்குடி மலையில் ஏறுவதைவிடப் படியில் இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும், இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் முட்டி வீங்காமல் இருந்தால் யாத்திரைக்குப் பெயர் கொடுக்கலாம்.

வழியில் அன்னதானத்தில் பொங்கலும் சாதமும்தான் கிடைக்கும். அவித்த முட்டை சாப்பிட முடியாத விரத நாள் என்பதால் வறுத்த கடலை, பொட்டுக்கடலை, புரதப் பொடி பையில் இருக்கட்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, முருகன் கோபிக்க மாட்டார். நெஞ்சு வலி, கண் இருட்டல், நிற்காத வாந்தி, இதில் ஏதாவது ஒன்று வந்தால் கூட வரும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். அந்த வண்டி அதற்காகத்தான் வருகிறது.

வணக்கம்.