வெள்ளைப் பணியாரக் குறிப்பும் டிஜிட்டல் பேனாவும்

[காட்சி: செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவு. தூணருகே பாய். பாயில் திறந்த நோட்டு. பேனா முனை தாளில் இறங்குகிறது.]

குரல்: வணக்கம். இந்த நோட்டில் ஏறிக்கொண்டிருப்பது வெள்ளைப் பணியாரத்துக்கான அளவு. சொல்பவர் அப்பத்தா; எழுதுபவர் பேத்தி. மை தாளில் படியப் படிய, அதே எழுத்து பக்கத்திலிருக்கும் கைப்பேசியிலும் ஓடுகிறது. தாளுக்கு மேலே யாரும் கேமரா பிடிக்கவில்லை. பேனாவுக்குள்ளேயே ஒரு கேமரா இருக்கிறது. அது எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

[காட்சி: உருப்பெருக்கி வழியே தாள். லேசான சாம்பல் நிறம் மெல்ல மெல்லத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிகிறது.]

குரல்: இது சாதாரண நோட்டு அல்ல. தாள் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள் அச்சாகியிருக்கின்றன. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர். கோலத்துக்குப் புள்ளி வைப்பவர்கள் வரிசை பிசகாமல் வைப்பார்கள். இங்கே ஒவ்வொரு புள்ளியையும் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கில் ஒரு பக்கம். அந்தத் தள்ளலில்தான் செய்தி இருக்கிறது. ஆறுக்கு ஆறு, 36 புள்ளிகளைப் பார்த்தால் போதும். தான் எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பேனா கண்டுகொள்ளும். 4ஐ 36 தடவை வைத்துப் பெருக்கினால் 22 இலக்க எண் வரும். அத்தனை வகை அடுக்குகளுக்கு இடமிருப்பதால்தான் ஒரு பக்கத்தின் முகவரி இன்னொரு பக்கத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ள முடிகிறது. சுவீடனின் அனோட்டோ நிறுவனம் கொண்டுவந்த முறை இது.

முனைக்குப் பக்கத்தில் இருக்கும் கேமரா, அகச்சிவப்பு ஒளியில் நொடிக்கு 70க்கும் மேற்பட்ட படங்களை எடுக்கிறது. எழுதிய மை புள்ளிகளை மறைத்துவிடாதா என்று கேட்கலாம். மறைக்காது. புள்ளிகள் கரி கலந்த மையில் அச்சானவை. அவை அகச்சிவப்பை விழுங்குவதால் கேமராவுக்குக் கறுப்பாகத் தெரிகின்றன. பேனாவின் மையில் கரி இல்லை. நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் எழுத்து அந்தக் கேமராவுக்குத் தெரிவதே இல்லை. ஆகவே ரீஃபில் தீர்ந்ததும் கடையில் கைக்குக் கிடைத்த கறுப்பு ரீஃபிலைச் செருகிவிடாதீர்கள். அந்தப் பேனாவுக்கென்று சொல்லப்பட்டதையே போடுங்கள்.

[காட்சி: கைப்பேசித் திரை. எழுதி முடித்த பக்கம் முதல் கோட்டிலிருந்து தன்னைத்தானே மறுபடி எழுதிக்கொள்கிறது.]

குரல்: கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் முடிந்துபோகிற வேலைக்கு இவ்வளவு ஏற்பாடா என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைக் கவனியுங்கள். படத்தில் இருப்பது எழுதி முடிந்த பக்கம். பேனாவில் பதிவது கை போன வழி: எங்கே வைத்தது, எந்தப் பக்கம் இழுத்தது, எப்போது எடுத்தது. வரிக்கு வரி நேரமும் சேர்ந்து பதிகிறது.

நேரம் பதிவதால் இன்னொன்றும் கைகூடுகிறது. 2008இல் வந்த லைவ்ஸ்கிரைப் பல்ஸ் பேனா, எழுதும்போதே பக்கத்தில் நடக்கும் பேச்சையும் பதிவு செய்தது. பிறகு நோட்டில் ஒரு சொல்லைப் பேனாவால் தொட்டால், அந்தச் சொல்லை எழுதிய நேரத்துப் பேச்சு ஒலித்தது. குரல் பதிவோடு சேரும் பேனாக்கள் அதன் பிறகும் வந்திருக்கின்றன. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இதுதான்.

[காட்சி: நோட்டுப் பக்கம், அருகிலிருந்து. ஓர் ஆழாக்கின் சிறு கோட்டுப் படம். வாய் மட்டத்துக்கு ஒரு கோடு, அதன் மேல் குவியலாக ஒரு வளைவு.]

குரல்: வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு இப்படித்தான் சொல்வார்கள்: ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். கிராம் கணக்கில் இதைச் சொல்ல வராது. பேத்தி அதைப் படமாகவே போட்டுவிட்டாள். தட்டச்சு செய்திருந்தால் இந்தப் படம் இருந்திருக்காது. "கோபுரம்னா இவ்வளவு" என்று அப்பத்தா கையால் காட்டிச் சொன்ன பேச்சும் அந்தப் படத்தைத் தொட்டால் கேட்கிறது. அரைத்த மாவு எந்தப் பதத்துக்கு வர வேண்டும், எண்ணெயின் சூடு எப்போது சரி என்பதெல்லாம் அளவுக் குறிப்பில் அடங்காதவை, பேச்சில்தான் வரும். தாலாட்டு எழுதி வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். வரியை எழுதுங்கள், ராகத்தைக் குரலோடு விட்டுவிடுங்கள். பதிவாகிறது என்பதை மட்டும் முதலிலேயே பெரியவர்களிடம் சொல்லிச் சம்மதம் கேளுங்கள்.

[காட்சி: திரையில் "கொ" என்ற எழுத்து, கொம்பு, க, கால் என்று ஒவ்வொன்றாக எழுதப்படுகிறது.]

குரல்: அடுத்து எல்லோரும் கேட்பது, கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றுமா என்பது. மாற்றும் செயலிகள் உண்டு, தமிழுக்கும் உண்டு. ஆனால் வாங்க நினைக்கும் பேனாவின் செயலியில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் ஒவ்வொரு பெயரையும் தொகையையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

நம் எழுத்தில் சிக்கல் எங்கே என்றால், "கொ" எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு க, பிறகு கால். கணினி யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிப்பதோ முதலில் க, அதன் பின் ஒகரக் குறி. கால் அவசரத்தில் ர மாதிரி விழும். "கௌ" எழுதினால் கடைசித் துண்டு ள மாதிரியே நிற்கும். இன்னும் சிலர் சொல்லை முழுக்க எழுதிவிட்டுத் திரும்பி வந்து புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி எந்த எழுத்துக்கு உரியது என்று மென்பொருள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக ஹெச்பி லேப்ஸ் இந்தியா வெளியிட்ட தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பில் 156 வகை வடிவங்கள் இருக்கின்றன. பக்கத்தின் உச்சியில் நாம் போடும் பிள்ளையார் சுழியையும் உகரம் என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. ஆகவே கையெழுத்தைக் கையெழுத்தாகவே சேமியுங்கள். தேடுவதற்குத் தேவைப்பட்டால் தலைப்பை மட்டும் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

[காட்சி: கல்யாண வீட்டு முகப்பு. மேசையில் மொய் நோட்டு.]

குரல்: ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்து, பேரேடும் சிட்டையும் ஐந்தொகையுமாக எழுதிய ஊர்ப்பக்கம் இது. எழுதி வைப்பது இங்கே புதிதல்ல. மொய் எழுதும் இடத்தில் டிஜிட்டல் பேனா நன்றாகவே உதவும். ஊர், பெயர், தொகை என்று வழக்கம்போல் எழுதினால் போதும்; சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளுக்கு அன்று மாலையே பிரதி போய்விடும். பணக்கணக்கு என்பதால், செயலி பக்கங்களைத் தானாகவே நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறதா என்று அமைப்புகளில் பார்த்து, வேண்டாமென்றால் நிறுத்திவிடுங்கள்.

பெட்டகத்தில் இருக்கும் பழைய ஏடுகளுக்கு இந்தப் பேனா உதவாது. அவற்றை ஸ்கேன்தான் செய்ய வேண்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு ஆளாகச் சேர்த்து வைத்த நூல்கள் 1994இல் சென்னைக்குப் போய், இன்று ஆய்வு நூலகமாக நிற்கின்றன. பழையதைக் காப்பது அப்படிப்பட்ட உழைப்பு. பேனா, இன்று எழுதுவதற்கு.

[காட்சி: மூன்று வகைக் கருவிகள் மேசையில்.]

குரல்: புள்ளித் தாள் தேவைப்படாத வகைகளும் உண்டு. ஒன்றில் தாளின் மேல்முனையில் ஒரு பெறுவி கவ்விக்கொண்டு, பேனா எழுப்பும் மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்டு இடத்தைக் கணக்கிடும்; பெறுவி நகர்ந்தால் வரியும் நகர்ந்துவிடும். இன்னொன்றில் மின்காந்தப் பலகையின் மேல் எந்த நோட்டையும் வைத்து எழுதலாம்; பக்கம் திருப்பியதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும், மறந்தால் இரண்டு பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நோட்டுச் செலவு பெரிதென்றால் பலகை வகை. பக்கத்தைப் பற்றி நினைக்காமல் எழுத வேண்டுமென்றால் புள்ளித் தாள். என் கை புள்ளித் தாளுக்குத்தான் போகும்.

புள்ளித் தாளிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சில நோட்டுகளுக்கு எண் இருக்கும். முதல் நோட்டு தீர்ந்து, அதே எண்ணில் இன்னொன்று வாங்கினால், புள்ளி அமைப்பும் அதேதான். புது எழுத்து பழைய பக்கத்தின் மேலேயே போய் உட்காரும். செயலியில் பழைய நோட்டை ஆவணமாக மூடிவிட்டுப் புதியதைத் திறங்கள், அல்லது வேறு எண் வாங்குங்கள்.

[காட்சி: கைப்பேசியில் "பகிர்" பொத்தானை விரல் தொடுகிறது.]

குரல்: எழுதி முடித்த அன்றே பேனாவைக் கைப்பேசியோடு இணைத்து, பக்கங்களைப் பிடிஎஃப் கோப்பாகவும் குரலைத் தனி ஒலிக்கோப்பாகவும் எடுத்து, உங்கள் கணினியில் ஒன்று, வீட்டில் இன்னொருவரிடம் ஒன்று என்று வையுங்கள். செயலியை நிறுவனம் ஒருநாள் கைவிட்டாலும் கோப்பு உங்களிடம் இருக்கும். கோப்புப் பெயரில் பலகாரத்தின் பெயர், சொன்னவர் பெயர், தேதி மூன்றையும் சேர்த்துவிடுங்கள்.